கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு அளவுகோல் தந்தவர்

பெரம்பலூரில் கை எலும்புக்கு எக்ஸ்-ரே எடுக்கிறார்கள். அரியலூரில் தலைக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்த உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்குச் சொல்ல வேண்டுமானால், ஒரு மனிதரின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பெயர், சீவர்ட்.

துணிக்கு மீட்டர். பாலுக்கு லிட்டர். உடம்பில் பட்ட கதிருக்கு சீவர்ட்.

ரோல்ஃப் சீவர்ட் சுவீடன் தேசத்துக்காரர். பெரும் பணக்காரர் வீட்டுப் பிள்ளை. உட்கார்ந்து சாப்பிட்டிருந்தாலும் சொத்து கரைந்திருக்காது. ஆனால் அவர், ஓர் ஆஸ்பத்திரியில் சம்பளம் இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தார். கண்ணுக்குத் தெரியாத, மணம் இல்லாத, படும்போது வலிக்காத கதிரை அளப்பதற்கே தன் வாழ்நாளைக் கொடுத்தார்.

அவர் ஏன் அப்படிச் செய்தார்? அதனால் உலகத்துக்கு என்ன நன்மை?

கதிரும் பிள்ளையும்

1895-ம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ந் தேதி. ஜெர்மனியில் உர்ஸ்பர்க் என்ற ஊரில், ரான்ட்ஜென் என்ற விஞ்ஞானி ஒரு புதுக் கதிரைக் கண்டுபிடித்தார். அந்தக் கதிர் சதையைக் கடந்து போயிற்று. எலும்பு அதைத் தடுத்தது. உயிரோடு இருக்கும் மனிதனின் எலும்பைப் படம் பிடித்துவிட முடிந்தது. என்ன கதிர் என்று தெரியாததால் அதற்கு எக்ஸ் கதிர் என்று பெயர் வைத்தார்.

அதற்கு ஆறு மாதம் கழித்து, 1896-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி, சுவீடனின் தலைநகரமான ஸ்டாக்ஹோமில் ரோல்ஃப் சீவர்ட் பிறந்தார். கதிருக்கும் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

தகப்பனார் மாக்ஸ் சீவர்ட், ஜெர்மனியிலிருந்து சுவீடனுக்குப் பிழைக்க வந்தவர். இயந்திர வியாபாரத்தில் தொடங்கி, மின்சாரக் கம்பிகள் செய்யும் பெரிய தொழிற்சாலைக்குச் சொந்தக்காரர் ஆனவர். 1913-ம் ஆண்டு அவர் காலமானார். அப்போது ரோல்ஃபுக்கு வயது 17. கை நிறையப் பணம் வந்து சேர்ந்தது.

அந்த வயதில் அவ்வளவு பணம் வந்தால் தடம் மாறிப் போகிறவர்கள் உண்டு. ரோல்ஃப் படிப்பைத் தொடர்ந்தார். 1919-ம் ஆண்டு உப்சாலா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

விரல்களைத் தின்ற கதிர்

அவர் வளர்ந்த காலத்திலேயே எக்ஸ் கதிரின் மறுபக்கமும் வெளியே தெரிந்துவிட்டது.

கதிர் கண்டுபிடிக்கப்பட்ட புதிதில் உலகமே அதைக் கண்டு மயங்கியது. ஊர் ஊராக எக்ஸ்-ரே இயந்திரம் வாங்கினார்கள். வேடிக்கைக்காகக்கூடக் கையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பிற்காலத்தில் மேல்நாட்டுச் செருப்புக் கடைகளில், காலுக்குச் செருப்பு பொருந்துகிறதா என்று பார்க்கவும் எக்ஸ்-ரே பெட்டி வைத்திருந்தார்கள்!

இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, டாக்டர்கள் தங்கள் கையையே கதிருக்கு முன்னால் நீட்டுவார்கள். எலும்பு தெளிவாகத் தெரிந்தால் இயந்திரம் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒரு நாளைக்குப் பல தடவை இப்படிச் செய்தார்கள்.

வலி இல்லை, சூடு இல்லை. ஆகவே பயமும் இல்லை.

சில வாரங்களில் தோல் சிவந்தது. சில மாதங்களில் புண் வந்தது. சிலருக்கு ஆண்டுகள் கழித்துப் புண் புற்றுநோயாக மாறியது. விரலை வெட்டினார்கள். பிறகு கையை வெட்டினார்கள்.

அமெரிக்காவில் புகழ் பெற்ற விஞ்ஞானி எடிசனிடம் கிளாரன்ஸ் டாலி என்ற உதவியாளர் இருந்தார். எக்ஸ்-ரே சோதனைகளில் ஓயாமல் ஈடுபட்டவர். இரண்டு கைகளையும் இழந்து 1904-ம் ஆண்டு மாண்டார். எடிசன் மனம் உடைந்து, எக்ஸ்-ரே வேலையையே கைவிட்டார்.

இப்படி உயிர்விட்ட டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 1936-ம் ஆண்டு ஒரு நினைவுக் கல் நாட்டினார்கள். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டன.

அளவு தெரியாத மருந்து

இந்த விபரீதத்துக்குக் காரணம் கதிர் மட்டும் அல்ல. அதை அளக்க ஒரு கோல் இல்லாததும் காரணம்.

பெரம்பலூரில் சின்ன வெங்காயம் தராசில் ஏறாமல் விலை போகாது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி எடை போடாமல் சிமெண்ட் ஆலைக்குள் போகாது. ஆனால் மனித உடம்புக்குள் பாய்ச்சும் கதிருக்கு அன்று எடையும் இல்லை, படியும் இல்லை.

அந்த நாளில் டாக்டர்கள் வைத்திருந்த முக்கிய அடையாளம், தோல் சிவப்பது. எவ்வளவு கதிர் பட்டால் தோல் சிவக்கிறதோ அதை ஓர் அளவாக வைத்துக்கொண்டார்கள். ஒருவர் தோல் போல இன்னொருவர் தோல் இருக்காது. ஓர் ஆஸ்பத்திரியின் இயந்திரம் போல மற்றொன்று இருக்காது. புற்றுநோய்க்குக் கதிரால் வைத்தியம் செய்தபோது, ஓர் ஊரில் கொடுத்த கதிர் போதாமல் போயிற்று. வேறோர் ஊரில் மிஞ்சிப் போயிற்று.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அந்த அளவு எது என்று தெரிந்தால்தானே மிஞ்சாமல் பார்க்க முடியும்?

சம்பளம் வேண்டாத உத்தியோகம்

ஸ்டாக்ஹோமில் ரேடியம் இல்லம் என்ற புற்றுநோய் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஃபோர்செல் என்ற பெரிய டாக்டர் இருந்தார். 1920-ம் ஆண்டு வாக்கில் இளைஞர் சீவர்ட் அவரைப் போய்ப் பார்த்தார். தமக்குச் சம்பளம் வேண்டாம் என்றும், கதிரை அளக்கும் வேலையைத் தம்மிடம் விட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

டாக்டர் ஒப்புக்கொண்டார். சீவர்ட் தம் சொந்தப் பணத்தைப் போட்டு ஆராய்ச்சி நடத்தினார். 1924-ம் ஆண்டு அந்த ஆஸ்பத்திரியின் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவரானார். நோயாளிகளுக்கு நடுவே ஒரு பௌதிக விஞ்ஞானி உட்கார்ந்து வேலை செய்வது அன்றைக்குப் புதுமை.

தம் ஆஸ்பத்திரியோடு அவர் நிற்கவில்லை. அளவுக் கருவிகளை எடுத்துக்கொண்டு சுவீடன் முழுவதும் சுற்றினார். ஒவ்வோர் ஊர் ஆஸ்பத்திரியிலும் எக்ஸ்-ரே இயந்திரத்தைச் சோதித்தார். எவ்வளவு கதிர் வருகிறது என்று அளந்து சொன்னார். கடைத்தெருவில் படிக்கல்லைச் சோதித்து முத்திரை போடும் அதிகாரி எப்படியோ, அப்படி எக்ஸ்-ரே இயந்திரங்களுக்கு அவர் இருந்தார்.

குடத்தில் ஓட்டை

சீவர்ட் செய்த கருவிகளில் பேர் பெற்றது ஒரு சின்னஞ்சிறு கூடு. சீவர்ட் கூடு என்றே அதற்குப் பெயர்.

அது வேலை செய்யும் விதம் எளிது. கூட்டுக்குள் கொஞ்சம் மின்சாரத்தை ஏற்றி மூடிவிடுவார்கள். சாதாரணமாக அந்த மின்சாரம் உள்ளேயே இருக்கும். எக்ஸ் கதிர் பட்டால், உள்ளே இருக்கும் காற்று மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். மின்சாரம் கசிந்து குறையும். கதிர் அதிகம் பட்டால் குறைவும் அதிகம்.

நிறைகுடத்தில் ஓட்டை விழுந்தது போலத்தான். மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால், போனது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கூடு சிறியது. கம்பி எதுவும் இணைக்க வேண்டியது இல்லை. ஆகவே நோயாளியின் உடம்பு மேல் வைக்கலாம். ஊழியரின் சட்டைப் பையிலும் போடலாம். யார் மேல் எவ்வளவு பட்டது என்று தனித்தனியாகக் கணக்கு வந்தது.

எவ்வளவு தாங்கும்?

அளக்கத் தெரிந்ததும் அடுத்த கேள்வி எழுந்தது. தினம் தினம் கதிர் அறையில் வேலை செய்கிற ஒரு மனிதன் எவ்வளவு தாங்குவான்?

1925-ம் ஆண்டு சீவர்ட் ஒரு வரம்பு சொன்னார். தோல் சிவக்கத் தேவையான கதிரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், ஓர் ஆண்டு முழுவதிலும் படக்கூடாது என்பது அந்த வரம்பு. அதே ஆண்டில் அமெரிக்காவிலும் ஒரு விஞ்ஞானி இதே போன்ற ஒரு வரம்பைச் சொன்னார். இன்றைய வரம்பு அதைவிடப் பல மடங்கு கடுமையானது. ஆனால் வரம்பு என்று ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வேர் விட்டது.

1928-ம் ஆண்டு உலகத்து எக்ஸ்-ரே டாக்டர்கள் ஸ்டாக்ஹோமில் மாநாடு கூடினார்கள். இரண்டு பெரிய காரியங்கள் நடந்தன. கதிருக்கு எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட ஓர் அளவு வகுக்கப்பட்டது. அதற்கு ரான்ட்ஜென் பெயரையே வைத்தார்கள். கதிரிலிருந்து மனிதரைக் காக்க ஓர் உலகக் குழுவும் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் சீவர்ட். அப்போது அவருக்கு வயது 32.

அந்தக் குழு இன்றும் இருக்கிறது. உலக நாடுகள் கதிர்ப் பாதுகாப்புச் சட்டம் எழுதும்போது அதன் யோசனைகளைத்தான் பார்த்து எழுதுகின்றன. 1956-ம் ஆண்டு முதல் 1962-ம் ஆண்டு வரை சீவர்ட் மீண்டும் அதற்குத் தலைமை தாங்கினார்.

சுவீடனில் 1941-ம் ஆண்டு கதிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததோடு, இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு சீவர்ட் நடத்திய நிலையத்திடம் வந்தது. அதே ஆண்டு அவர் பேராசிரியர் ஆனார்.

வீட்டுச் சுவரிலும் கதிர்

ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் கதிர் உண்டா? உண்டு என்று சீவர்ட் அளந்து காட்டினார்.

மண்ணிலும் கல்லிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிர் இருக்கிறது. வானத்திலிருந்தும் வருகிறது. சீவர்ட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் சுவீடன் வீடுகளுக்குள் கருவி வைத்து அளந்தார்கள். மர வீட்டில் கதிர் குறைவு. ஒரு வகைக் களிப்பாறையிலிருந்து செய்த கட்டுமானக் கல்லால் கட்டிய வீட்டில் அதிகம். அந்தக் கல் தயாரிப்பது பிற்காலத்தில் அங்கே நிறுத்தப்பட்டது.

கல்லுக்குக் கல் கதிர் வேறுபடும். கருங்கல்லில் சற்று அதிகம். அரியலூரில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் போன்றவற்றில் பொதுவாகக் குறைவு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மிக அதிகம். உலகச் சராசரிப்படி, ஒரு மனிதனுக்கு ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட் கதிர் இயற்கையாகவே கிடைக்கிறது. ஒரு சீவர்ட் என்பது மிகப் பெரிய அளவு. அதை ஆயிரமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்குதான் மில்லி சீவர்ட்.

வல்லரசுகள் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த காலத்தில், அந்தத் தூசி காற்றில் பறந்து நாடு நாடாக விழுந்தது. அதை ஆராய ஐக்கிய நாடுகள் சபை 1955-ம் ஆண்டு ஒரு விஞ்ஞானக் குழுவை அமைத்தது. அதில் இடம் பெற்ற 15 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்தக் குழுவுக்கும் சீவர்ட் பிறகு தலைவராக இருந்தார்.

மறைந்த பின் வந்த பெருமை

1966-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ந் தேதி, தம் 70-வது வயதில், சீவர்ட் ஸ்டாக்ஹோமில் காலமானார்.

13 ஆண்டுகள் கழித்து, 1979-ம் ஆண்டு, எடை அளவுகளை நிர்ணயிக்கும் உலக மாநாடு கூடியது. உடம்புக்குக் கதிரால் வரக்கூடிய தீங்கைக் கணக்கிடும் அளவுக்கு சீவர்ட் என்று பெயர் சூட்டியது.

சென்னையிலிருந்து அரியலூர் வரை

தமிழ்நாட்டில் எக்ஸ்-ரே வைத்தியத்துக்குப் பழைய பெயர் உண்டு. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-ம் ஆண்டு திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. பெரம்பலூர் 1995-ம் ஆண்டு தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூர் 2007-ம் ஆண்டு மறுபடியும் தனி மாவட்டம் ஆயிற்று. 2022-ம் ஆண்டு ஜனவரி மாதம் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்து வைக்கப்பட்டது.

சுண்ணாம்புக்கல் சுரங்கத் தொழிலாளிக்குச் செய்யும் உடல் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்-ரேயும் சேர்ந்தது. தூசி நுரையீரலில் படிந்திருக்கிறதா என்று அதில் தெரியும். காசநோயைக் கண்டுபிடிக்கவும் அதுவே கைகொடுக்கிறது. பெரம்பலூர் வழியே போகும் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் விபத்து நடந்து தலையில் அடிபட்டால், மூளையில் ரத்தம் கசிகிறதா என்று சில நிமிடங்களில் காட்டுவது சி.டி. ஸ்கேன்.

இந்தியாவில் இந்த இயந்திரங்களைக் கண்காணிப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983-ம் ஆண்டு அமைந்தது. எக்ஸ்-ரே அறையில் வேலை செய்கிறவர் நெஞ்சில் ஒரு சின்ன அட்டை மாட்டியிருப்பார். அதற்குள் வட்டமான தகடுகள் இருக்கும். பட்ட கதிரின் சக்தியை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு பரிசோதனைச் சாலையில் அவற்றைச் சூடாக்கினால் ஒளி விடும். ஒளி அதிகமானால் பட்ட கதிரும் அதிகம். சீவர்ட் சட்டைப் பையில் போட்ட கூட்டின் வேலையை இன்று இந்த அட்டை செய்கிறது.

அந்த ஊழியருக்கு 5 ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட்டுக்கு மேல் படக்கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வேலை செய்தால், தராசை ஒளித்து வைத்துவிட்டு வியாபாரம் செய்வது போலத்தான். நஷ்டம் அவர் உடம்புக்கு.

ஒரு படத்துக்கு எவ்வளவு?

நோயாளிக்கு இப்படி வரம்பு கிடையாது. உயிரைக் காக்கத் தேவையானால் எடுத்துத்தான் ஆக வேண்டும். தேவை இல்லாவிட்டால் சிறிய அளவும் வீண். இதுவே உலகம் ஒப்புக்கொண்ட விதி.

நெஞ்சு எக்ஸ்-ரே ஒன்றுக்கு 0.1 மில்லி சீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. இயற்கையிலிருந்து இரண்டு வாரத்தில் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கை, கால் எக்ஸ்-ரேக்கு இன்னும் மிகக் குறைவு. தலைக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்குச் சுமார் 2 மில்லி சீவர்ட். வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்குச் சுமார் 8. மூன்று ஆண்டுகளில் இயற்கையிலிருந்து கிடைப்பதை அது ஒரே தடவையில் கொடுத்துவிடுகிறது.

10 மில்லி சீவர்ட் பட்டால், 2,000 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் அதனால் புற்றுநோய் வந்து உயிருக்கு ஆபத்து நேரலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தலையில் அடிபட்டவருக்கு அந்தப் பயம் தேவை இல்லை. ஸ்கேன் எடுக்காமல் விடுவதுதான் அவருக்குப் பெரிய ஆபத்து. ஆனால் போன வாரம் எடுத்த படத்தைத் தொலைத்துவிட்டு, இந்த வாரம் இன்னொன்று எடுப்பது வீண் சுமை.

ஸ்கேன் என்றாலே கதிர் என்று பயப்பட வேண்டாம். வயிற்றில் பசை தடவி, கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் ஒலி அலையால் எடுப்பது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காந்தத்தால் எடுப்பது. இரண்டிலும் எக்ஸ் கதிர் கிடையாது.

வீட்டார் செய்ய வேண்டியது

பழைய எக்ஸ்-ரே படங்களையும் ஸ்கேன் முடிவுகளையும் ரேஷன் கார்டைப் போலப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது கையோடு கொண்டுபோக வேண்டும்.

கர்ப்பமாக இருக்கும் பெண்ணும், கர்ப்பமாக இருக்கலாமோ என்று சந்தேகம் உள்ள பெண்ணும் எக்ஸ்-ரே எடுப்பதற்கு முன்னால் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். வயிற்றுப் பிள்ளை மேல் கதிர் பட்டால் பின்னால் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் டாக்டர் 1950-களில் எடுத்துக் காட்டினார்.

குழந்தைகளின் உடம்பு கதிருக்கு எளிதில் பாதிக்கப்படும். பெரியவர்களுக்கு வைக்கும் அளவைக் குழந்தைக்கு வைக்கக்கூடாது. குழந்தையின் உடம்புக்கு ஏற்றபடி இயந்திரத்தைக் குறைத்து வைத்தார்களா என்று தாயார் மரியாதையாகக் கேட்கலாம். குழந்தையைப் பிடித்துக்கொள்ள உள்ளே நிற்பவர் ஈயக் கவசம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

சி.டி. ஸ்கேன் எடுத்தால், எவ்வளவு கதிர் விட்டது என்று இயந்திரமே கணக்குக் காட்டுகிறது. அந்த எண்ணையும் முடிவுத் தாளில் எழுதித் தரும்படி கேட்கலாம்.

கடையில் முள் நேராக நிற்கிறதா என்று பார்க்காமல் யாரும் காசு கொடுப்பதில்லை. அந்த வழக்கத்தை ஆஸ்பத்திரி அறைக்குள்ளும் கொண்டுவந்தவர் ரோல்ஃப் சீவர்ட்.